போன பல்லும் வைத்த பல்லும்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டால் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடுகின்றோம். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலக் கீறி, கொழுக்கட்டையின் விளிம்பிலே பதித்து, குழந்தையின் தலைமேற் சொரிந்து, அயலாருக்கும் பகிர்ந்தளித்து மகிழ்கின்றோம். வருகின்ற பல்லுக்கு இவ்வளவு உபசாரம் செய்யும் நாம், போகின்ற பல்லை மட்டும் "தொல்லை விட்டது" என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிடுகின்றோம். அது விட்டுச் சென்ற வெற்றிடத்தை என்ன செய்வது என்று சிந்திப்பவர் சிலரே.

குருநகரிலே, யாகப்பர் ஆலயத்துக்கு அண்மையில் வசிக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் சில நாட்களுக்கு முன் இக்கேள்வியை நம்மிடம் கொண்டு வந்தார். அவருடைய தாயாருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. கீழ்வாயிற் பல் ஒன்றேனும் இல்லை. மேல்வாயிற் சில எஞ்சியுள்ளன. வீட்டாருக்கு நண்டும் இறாலும் கணவாயும் இட்டு ஒடியற் கூழ் காய்ச்சிக் கொடுக்கும் அந்த அம்மையார், தாம் மட்டும் தெளிவை அருந்திவிட்டு எழுந்துவிடுகிறாராம். விருந்தினர் வந்தாற் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறாராம். கனடாவிலுள்ள மூத்த மகன், எலும்பிலே பதிக்கும் பல்லை வைப்பிக்கப் பணம் அனுப்புவதாகக் கூறுகிறார். மகளோ, "இந்த வயதில் அம்மாவை வெட்டிக் கொத்த வேண்டாம்" என்கிறார். தாயார் கூறுவது, "வயது போன காலத்தில் எனக்கேன் தம்பி பல்லு?" என்பதே. வாய் ஒன்று, கருத்து மூன்று. இத்தகைய வழக்கு வேறு பல வீடுகளிலும் நடப்பதால், இவ்வாரம் இதனையே விரித்து எழுதத் துணிந்தோம்.

முதலில், பல் எதற்கு? மெல்லுவதற்கு மட்டுமன்று. தொல்காப்பியத்துப் பிறப்பியலைப் படித்த மாணவர் இதனை நன்கு அறிவர். நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தினாலே தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல் கீழிதழோடு இயைந்தாலே வகரம் பிறக்கும். "பல்லுப் போனாற் சொல்லுப் போம்" என்று நம் மூத்தோர் கூறியது வெறும் எதுகைக்காக அன்று. இன்னும் ஒன்றுண்டு. பல்லைத் தாங்கிய தாடையெலும்பு, தாங்குவதற்கு ஒன்றும் இல்லாதபோது தேயத் தொடங்குகிறது. முதல் ஆண்டிலேயே அதிகம் தேயும். அதன் பின்னரும் தேய்வு நிற்பதில்லை. 1972 இல் வெளியான நீண்டகால ஆய்வொன்று, பல்லிழந்த கீழ்த்தாடை மேற்றாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்வதைக் காட்டியது. முதியோரின் கன்னம் ஒட்டி, நாடியும் மூக்கும் நெருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடையிலே ஒரு பல் மட்டும் போனாலும் அயற்பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சாய்தல் உண்டு. எதிர்ப்பல் மெல்ல நீண்டு இறங்குதலும் உண்டு. ஆயினும், போன பல் ஒவ்வொன்றுக்கும் மாற்று வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. கடைவாயின் பின்பற்கள் சில இல்லாமலே பலர் குறைவின்றி உண்டு வாழ்கின்றனர். வைத்தியர் பார்த்து, "இப்படியே இருக்கட்டும்" என்று கூறுவதும் ஒரு சிகிச்சை முடிவுதான்.

மாற்று வைப்பதாயின் வழி மூன்று.

முதலாவது, கழற்றிப் பூட்டும் கட்டுப்பல். இது மிகப் பழைய வழி. அமெரிக்காவின் முதற் சனாதிபதி வாஷிங்டன் 1789 இற் பதவியேற்றபோது அவருக்குச் சொந்தப் பல் ஒன்றே எஞ்சியிருந்தது. அவருடைய கட்டுப்பற்கள் மரத்தாலானவை என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், உலோகம், பிற மனிதரின் பல் ஆகியவற்றால் அவை செய்யப்பட்டன. 1815 இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் மாண்ட வீரரின் பற்களைப் பிடுங்கி விற்றவர்களும் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே கந்தகமூட்டிக் கடினமாக்கிய இறப்பர் வந்து கட்டுப்பல்லின் விலையைக் குறைத்தது. 1930களில் வந்த அக்கிரிலிக் இறப்பரை ஒதுக்கியது. இன்றும் பெரும்பாலான கட்டுப்பற்கள் அக்கிரிலிக்கினாலேயே ஆனவை. செலவு குறைவு, வெட்டுதல் இல்லை. ஆனாற் கீழ்வாயிலே நாவும் கன்னமும் ஓயாது அசைவதால், முழுக் கட்டுப்பல் அங்கே நிலைகொள்வது கடினம்.

இரண்டாவது, பாலம். வெற்றிடத்தின் இருபுறத்துப் பற்களையும் அராவி, அவற்றுக்கு உறையிட்டு, நடுவே ஒரு பல்லைத் தொங்கவிடுதல். கழற்ற வேண்டியதில்லை, உறுதியாயிருக்கும். ஆனால் அராவப்பட்ட மிளிரி மீண்டும் வளராது. நல்ல நிலையிலுள்ள இரு பற்களைப் பலிகொடுத்து ஒன்றைப் பெறலாமா என்று சிந்தித்தே இதற்கு உடன்பட வேண்டும்.

மூன்றாவது, எலும்பிற் பதிக்கும் பல். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிராணமார்க், 1950களின் தொடக்கத்தில் முயலின் காலெலும்பிலே தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான கருவியொன்றைப் பொருத்தி ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்ற முயன்றபோது அது எலும்போடு ஒன்றிப்போயிருந்தது. பிறர் இடையூறு என்று எண்ணியிருக்கக்கூடியதை அவர் வாய்ப்பாகக் கண்டார். 1965 இல் முதன்முதலாக ஒருவரின் தாடையிலே தைத்தேனியத் திருகாணிகளைப் பதித்தார்; அவை அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உதவின. அந்த உலோகத்தின் தாதுவாகிய இல்மனைற்று நம் புல்மோட்டைக் கடற்கரை மணலிலே மிகுதியாக உண்டு என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

இவ்வழியில் அயற்பல்லுக்குச் சேதமில்லை. எலும்பின் தேய்வும் குறைகிறது. ஆயினும் செலவு மிகுதி. எலும்பு ஆணியைப் பற்றிக்கொள்ளப் பெரும்பாலும் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். அடங்காத நீரிழிவும் புகைப்பழக்கமும் இதற்குப் பகை. தாடையிற் கதிர்ச்சிகிச்சை பெற்றவரும், எலும்புத் தேய்வுக்கு மருந்து உட்கொள்பவரும் அதனை வைத்தியரிடம் மறைக்கலாகாது. பதித்த பல் சொத்தையாகாது. ஆனால் துலக்காது விட்டால் அதனைச் சூழ்ந்த முரசும் எலும்பும் நோயுறும்.

வெட்டுவதா, விடுவதா என்ற வழக்குக்கு நடுவழி ஒன்றும் உண்டு. கீழ்த்தாடையின் முன்புறத்தில் இரண்டு ஆணிகளை மட்டும் பதித்து, அவற்றிலே கழற்றக்கூடிய கட்டுப்பல்லைப் பொத்தான் போலப் பூட்டுதல். 2002 இற் கனடாவின் மொன்றியல் நகரிலே கூடிய அறிஞர், பல்லற்ற கீழ்த்தாடைக்கு இதனையே முதலிற் கருதத்தக்க சிகிச்சை என்று பரிந்துரைத்தனர். பல ஆணிகளுக்கு ஆகும் செலவு இதற்கு இல்லை. கட்டுப்பல்லின் ஆட்டமும் இல்லை. நம் மாணவருக்கு இதனை விளக்கினோம். அதற்கு முன் தாயாரின் நீரிழிவையும் எலும்பின் அளவையும் சோதிப்பிக்குமாறும், உடல் இடங்கொடாவிடிற் செம்மையாகச் செய்த கட்டுப்பல்லே போதும் என்றும் கூறினோம். பிறிதொன்றும் கூறினோம். "எனக்கேன் பல்லு?" என்று ஒரு தாய் கேட்டால், அது வேண்டாம் என்ற விடையாகவும் இருக்கலாம், பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதே என்ற கூச்சமாகவும் இருக்கலாம். எது என்பதைத் தனிமையிற் கேட்டறிவது மக்களின் கடன். உண்பவர் அவர்; ஆகவே தீர்ப்பும் அவருடையதாகவே இருத்தல் வேண்டும்.

கட்டுப்பல் பாவிப்போருக்குச் சில சொற்கள். முதற் சில நாட்கள் உமிழ்நீர் பெருகும், நாத் தடுமாறும். மென்மையான உணவைச் சிறிது சிறிதாக இருபுறமும் மென்று பழகுக. உரத்து வாசித்தாற் பேச்சு விரைவிற் சீர்படும். புண்பட்டால் வீட்டிலே அரத்தால் அராவாது வைத்தியரிடம் செல்க. இரவிற் கழற்றிக் குளிர்ந்த நீரில் இடுக. கொதிநீர் பட்டால் அது வளைந்துவிடும். கட்டுப்பல்லோடு உறங்கும் மிக முதியோருக்கு நுரையீரற் சுரம் வரும் ஆபத்து இருமடங்குக்கு மேல் என்று 2015 இல் வெளியான யப்பானிய ஆய்வு கூறுகிறது. கடலுக்குச் செல்வோர், அலை மிகுந்து குமட்டல் எடுக்குமுன் அதனைக் கழற்றிப் பெட்டியில் வைப்பது நன்று. வாந்தியோடு கடலில் வீழ்ந்த பல்லை எவ்வலையும் மீட்டுத் தராது.

பதிவு பெறாதவரிடம் மலிவாகப் பல் கட்டுவதையும் தவிர்க்க வேண்டும். கழற்ற முடியாதவாறு முரசோடு ஒட்டிவிடும் பல்லின் கீழே அழுக்குத் தங்கி, அயற்பல்லும் கெடும்.

எல்லாவற்றிலும் மேலான மாற்று, உள்ள பல்லைக் காப்பதே. எண்பது வயதில் இருபது பல் என்ற இயக்கத்தை யப்பான் 1989 இல் தொடங்கியது. நாமோ வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்துக் குதப்புகின்றோம். பாக்கு புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் வகைப்படுத்தியுள்ளது. நம் நாட்டு ஆடவரை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னிற்கிறது. பாக்கினால் வாய் திறக்க முடியாதவாறு இறுகிப்போனவருக்கு எப்பல்லை வைப்பதும் அரிது. நூலைப் பல்லாற் கடித்து அறுப்பதையும், போத்தல் மூடியைப் பல்லால் திறப்பதையும் இளைஞர் இன்றே விட்டொழிக்க வேண்டும். காலையும் இரவும் புளோரைட் கலந்த பற்பசையாற் பல் துலக்குதல் இரண்டிரண்டு நிமிட வேலை. அரசினர் வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளிலே கட்டணமின்றிக் காட்டலாம். நோகும்போது செல்லாமல், நோகுமுன்னே செல்பவர் வீட்டில் இத்தகைய வழக்குக்கு இடமிராது.