சத்தம் வேற, டோன் வேற

ரொம்ப நாளா இங்க எதுவும் எழுதல. இன்டர்னல், அசைன்மென்ட்னு வழக்கமான காரணம் தான், விடுங்க. இது கிட்டார் பத்தின பதிவு. கிட்டார் வாசிக்காதவங்களும் படிக்கலாம், உங்க பக்கத்து வீட்ல எவனாவது வாசிச்சுகிட்டு இருப்பான் :)

நானும் ரெண்டு நண்பர்களும் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரத்துல ஒரு மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கோம். பக்கத்து போர்ஷன் அண்ணனுக்கு மறைமலை நகர்ல ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிஞ்சு காலைல வந்து படுப்பார். நான் லீவு நாள்ல பதினோரு மணிக்கு ஆம்ப் ஆன் பண்ணுவேன். ராத்திரி பத்துக்கு மேல தொட மாட்டேன், அதனால ரொம்ப ஒழுங்கான பையன்னு எனக்கே ஒரு நினைப்பு.

போன மாசம் ஒரு நாள் அண்ணன் கதவைத் தட்டினார். கோவமா வரல. கண்ணு மட்டும் சிவந்து கிடந்தது. "தம்பி, தப்பா எடுத்துக்காத. மூணு நாளா தூக்கம் இல்ல. மெஷின் பக்கத்துல நிக்கிற வேலை. கண்ணு சொக்கிச்சுன்னா கை போயிடும்." அவ்ளோதான், போயிட்டார்.

முதல்ல நான் என்ன பண்ணேன் தெரியுமா? சட்டம் தேடினேன். ஒலி மாசு விதிகள், 2000. குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45. நம்ம வீட்டு சவுண்ட் சிஸ்டத்தோட சத்தம் நம்ம எல்லையில அதுக்கு மேல 5 டெசிபலைத் தாண்டக் கூடாது. "நான் பகல்ல தானே வாசிக்கிறேன்"னு ஒரு சந்தோஷம். அப்புறம் தான் உறைச்சுது. நல்ல கிட்டார் ஸ்பீக்கர் ஒண்ணு வெறும் 1 வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்துல 100 டெசிபல் கிட்ட கொடுக்கும். நடுவுல இருக்கிறது ஒத்தைச் செங்கல் சுவர். சட்டமும் என் பக்கம் இல்ல. இருந்திருந்தாலும் என்ன? அந்த அண்ணனுக்கு ராத்திரிங்கிறதே காலைல பதினோரு மணி தான்.

ரூம்மேட் சொன்னான், "வால்யூமைக் குறைச்சா டோன் போயிடும்டா." கிட்டார் வாசிக்கிற எல்லாரும் சொல்றது தான். எனக்கு இதுல உடன்பாடு இல்ல.

இந்தப் பேச்சு வால்வு ஆம்ப் காலத்துல வந்தது. வால்வையும் ஸ்பீக்கரையும் அதோட எல்லை வரைக்கும் தள்ளினா அந்த அழகான கரகரப்பு வரும், உண்மை தான். ஆனா 1965ல மார்ஷல் 100 வாட் ஆம்ப் செஞ்சது பெரிய மேடைக்கு, பத்துக்குப் பத்து ரூமுக்கு இல்ல. நம்ம பசங்க வாங்குறது பெரும்பாலும் டிரான்சிஸ்டர் பிராக்டிஸ் ஆம்ப். அதுல மாஸ்டர் வால்யூமைத் திருகினா சத்தம் மட்டும் தான் கூடும். வால்வு ஆம்ப்லயே கூட பெருசு தான் நல்லதுன்னு இல்ல. எரிக் கிளாப்டன் 1970ல 'லைலா' ரெக்கார்டிங்குக்கு எடுத்தது ஃபெண்டர் சாம்ப், சுமார் 5 வாட் குட்டிப் பெட்டி.

காமர்ஸ் பசங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். 10 வாட்டை 100 வாட் ஆக்கினா 10 டெசிபல் தான் கூடும், காதுக்கு அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பத்து மடங்கு முதலீடு, ரெண்டு மடங்கு வரவு. முதல் வருஷ எகனாமிக்ஸ்ல படிச்ச குறைந்து செல் விளைவு விதி ஞாபகம் வருதா?

அப்போ சத்தம் குறைஞ்சா டோன் சப்புன்னு ஆகுற மாதிரி ஏன் இருக்கு? பாதிக் காரணம் நம்ம காது. 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் அமெரிக்காவோட பெல் லேப்ஸ்ல அளந்து காட்டிட்டாங்க. சத்தம் குறையக் குறைய நம்ம காது பேஸையும் ட்ரெபிளையும் கம்மியா தான் எடுத்துக்கும். உடனே பேஸைக் கூட்டத் தோணும். அங்க தான் தப்பு, சுவரைத் தாண்டிப் போறதே பேஸ் தான்.

நான் பண்ணிப் பார்த்து சரியா வந்தது இது. ஆம்ப்பைத் தரையில இருந்து தூக்கி, கீழ ஒரு தலகாணி போட்டு நாற்காலி மேல வெச்சேன், காதுக்கு நேரா. ரெண்டு மீட்டர்ல இருந்து அரை மீட்டருக்கு வந்தா எனக்கு சுமார் 12 டெசிபல் லாபம், அண்ணனுக்கு ஒரு டெசிபல்கூட கூடாது. பேஸைக் குறைச்சேன், மிட்ஸைக் கூட்டினேன், கெயினைப் பாதியாக்கினேன். கெயின் கம்மியானா தப்பு எல்லாம் பளிச்சுனு கேட்கும், அதுவும் நல்லதுக்குத் தான். கொஞ்சமா ரிவெர்ப். ஹெட்போன்னா கேபினட் சிமுலேஷன் கட்டாயம் போடணும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல உள்ளதைத் தானா வெட்டிடும், அது இல்லாம நேரா கேட்டா கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும். ஹெட்போன்லயும் அளவு வேணும். 85 டெசிபல்னா எட்டு மணி நேரம், 100னா 15 நிமிஷம் தான் காதுக்குப் பத்திரம்னு அமெரிக்காவோட நியாஷ் அமைப்பு சொல்லுது.

ஆம்ப் எதுக்குன்னு எனக்குப் புரிய வெச்சது எந்த ராக் ஸ்டாரும் இல்ல, மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014). சாதா மாண்டலின்ல ஜோடி ஜோடியா எட்டுக் கம்பி, தட்டினா ஒலி சட்டுனு செத்துடும். கர்நாடக கமகத்துக்கு அது தாங்காது. அவர் எடுத்துக்கிட்டது அஞ்சு ஒத்தைக் கம்பி வெச்ச எலக்ட்ரிக் மாண்டலின். அந்தக் கரண்ட்ல அவருக்குக் கிடைச்ச பெரிய லாபம் சத்தம் இல்ல, நீளம். ஒரு ஸ்வரம் நின்னு அசையுறதுக்கு நேரம் கிடைச்சுது. டிஸ்டார்ஷன் எதுவும் இல்லாம அத்தனை பாவம். டோனைப் போட்டது கம்பி மேல இருந்த விரல், வால்யூம் குமிழ் இல்ல.

"ஆம்ப்பை முழுசாத் திருகு"ன்னு யோசனை சொல்றவங்களுக்குத் தனி வீடு இருக்கும், சுத்தி தோட்டம் இருக்கும். நமக்கு இருக்கிறது பொதுச் சுவர். சின்னச் சத்தத்துல நல்லா வாசிக்கத் தெரியாதவன் பெருஞ்சத்தத்துலயும் நல்லா வாசிக்கல, அவன் தப்பு கேட்கலை, அவ்ளோதான். நான் அப்படித்தான் ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கேன்.

இப்போ அண்ணன்கிட்ட கேட்டு அவர் ஷிப்ட் அட்டவணையை எழுதி பீரோ கதவுல ஒட்டி வெச்சிருக்கேன். நைட் ஷிப்ட் வாரம்னா ஹெட்போன், மத்த வாரம் நாற்காலி மேல ஆம்ப். இந்த வாரம் அவருக்கு நைட். ஹெட்போன்ல ஒரே ஒரு வரியை மூணு நாளா வாசிச்சுகிட்டு இருக்கேன். இன்னும் சரியா வரல, ஆனா எங்க தப்புன்னு இப்போ கேட்குது.

ஹாஸ்டல்லயும் பிஜிலயும் வாசிக்கிற மக்களே, நீங்க எப்படி சமாளிக்கிறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க.