சிவப்பு விளக்கை நம்பாதீங்க மக்களே!

வில்லாபுரத்துல உக்காந்துக்கிட்டு இவன் என்னடா டிராக்டர் பத்தி எழுதுறான்னு சிரிக்காதீங்க. அவனியாபுரம் தாண்டி சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருக்கு, கூடவே ஒரு குட்டி டிராக்டரும். ஆயில் பிரஷருக்கு அதுல முள் மீட்டர் கிடையாது. ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

போன வருசம் தொழி உழவு நேரத்துல அந்த விளக்கு எரிஞ்சிருக்கு. உச்சி வெயில்ல யார் கண்ணுக்குத் தெரியும்? இஞ்சின் சீஸ் ஆயிருச்சு.

பொதுவா பிரஷர் 0.5 பார் பக்கம் இறங்கின பிறகுதான் அந்த விளக்கே எரியும். அதாவது கிட்டத்தட்ட சங்கு ஊதுற நேரம்! முள் மீட்டர் அப்படியில்ல. பேரிங் தேயத் தேய, வழக்கமா நிக்கிற இடத்துலேர்ந்து முள் இறங்குறதை முன்னாடியே காட்டிக் குடுத்துரும்.

வேலையும் பெருசில்ல. ஆயில் சுவிட்சைக் கழட்டி அங்க ஒரு டி-ஜாயிண்ட். ஒரு வாயில பழைய சுவிட்ச், இன்னொண்ணுல மீட்டரோட சென்சார். வயருக்குத் தனி ஃபியூஸ். விளக்கு பாட்டுக்கு இருக்கட்டும்.

டெம்பரேச்சர் மீட்டரும் போடலாம். ஆனா தண்ணி சுத்தமா வத்திட்டா சென்சார் வெறும் காத்துல நின்னு கம்மியாக் காட்டும். அதனால காலையில ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்குற பழக்கத்தை விட்டுறாதீங்க.

"பாட்டுக்கு ரெண்டு ஸ்பீக்கர் மாட்டுனீங்களே சித்தப்பா, ஒரு மீட்டர் மாட்டலையே"ன்னேன்.

"பாட்டு சத்தத்துலதான்டா இஞ்சின் சத்தமே கேக்கல"ன்னார். இப்ப மீட்டர் மாட்டியாச்சு. ஸ்பீக்கர் வீட்டுத் திண்ணையில பாடுது :-)