தொடுதிரையில் தமிழ் எங்கே?

மாவட்டந்தோறும் போகவிருக்கும் சட்ட வரலாற்றுக் கண்காட்சியின் டேப்லெட் செயலிகள் இப்போதைக்கு ஆங்கிலத்தில்தான் இருக்குமாம். தமிழ் 'அடுத்த கட்டத்தில்' வருமாம். இந்த முடிவை ஏற்க முடியாது. பழைய வழக்குக் கட்டுகளைப் பார்க்க வாய்ப்பே இல்லாத மாணவர்களைத் தேடி ஒரு கண்காட்சி ஊர் ஊராக வருவது அருமையான யோசனை. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் தமிழில் படிப்பவர்கள் என்பது முடிவெடுத்தவர்களுக்குத் தெரியாதா?

வ.உ.சி. வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1908 தொடக்கத்தில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பேசியது தமிழில். கோரல் மில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் உறுதியோடு நிற்க வைத்தது அந்தத் தமிழ். அது போலீஸ் குறிப்பாகி, ஆங்கிலமாகி, நீதிபதி பின்ஹேயின் முன்னால் ராஜதுரோகமாக நின்றது. ஜூலை 7 அன்று சிதம்பரனாருக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை; சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் குறைந்த பிறகும், ஏழைகளுக்காக வாதாடிய அந்த வக்கீல் 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

செயலியில் அவர் படத்தைத் தொட்டால் என்ன வருகிறது? நான்கு விடைகளோடு ஓர் ஆங்கிலக் கேள்வி: எந்தச் சட்டப் பிரிவு? 124ஏ என்று அழுத்தினால் பச்சை நிறத்தில் ஒரு 'டிக்'. உடனே அடுத்த வழக்கு. அவர் என்ன பேசினார் என்பது இல்லை. அதே பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்திவைத்ததும், புதிய குற்றவியல் சட்டத்தின் 152ஆம் பிரிவாக அது வேறு உருவில் திரும்பிவிட்டதா என்று இன்று நடக்கும் வாதமும் இல்லை. சொந்த ஊர்க்காரரின் வழக்கை ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை அந்நிய மொழி வினாடி வினாவாகப் பார்க்க வேண்டுமா?

நடிகர்கள் பாகவதரையும் கலைவாணரையும் சிறைக்கு அனுப்பி, பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலையில் முடிந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கைத் திண்ணைதோறும் பேசிய நாடு இது. அதற்கும் இரண்டு பத்தி ஆங்கிலம்தான்.

சட்டத்தைத் தமிழில் சொல்வது கடினம் என்ற சமாதானம் எடுபடாது. பிராது, வாய்தா, ஜாமீன், வக்காலத்து என்று படிக்காதவர்களும் கோர்ட் வாசலில் பேசுகிறார்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு 1976லேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது; அதற்கு டெல்லி சம்மதிக்க வேண்டும். ஒரு செயலியில் தமிழ் வைக்க யார் சம்மதிக்க வேண்டும்?

கண்காட்சி நடத்துபவர்களின் 'அடுத்த கட்டம்' நமக்குப் புதிதல்ல. முன்பு ஆரவாரத்தோடு திறந்துவைத்த தொடுதிரைகள் ஒரே ஆண்டில் துணி போர்த்திக் கிடந்தன. நினைவிடப் பலகைகளில் ஒட்டிய க்யூஆர் குறியீடுகளை ஸ்கேன் செய்தால் பக்கமே திறப்பதில்லை. காதில் மாட்டிக் கேட்கும் வழிகாட்டிக் கருவிகள் பீரோவுக்குள் போனவை போனவைதான். ஒவ்வொரு முறையும் தமிழ் பின்னால் வரும் என்றார்கள். ஒருமுறைகூட வரவில்லை. திறப்பு விழாப் படம் வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களிடம் பொதுப்பணத்தை மீண்டும் மீண்டும் கொடுப்பது யார் குற்றம்?

பயணத்தைத் தள்ளிவையுங்கள். வழக்குகளின் வரலாறு அறிந்தவர்களும் அதைத் தமிழில் எழுதத் தெரிந்தவர்களும் இங்கே நிறையவே இருக்கிறார்கள், அழைத்துப் பேசுங்கள். தமிழ் இல்லாத இந்தக் கண்காட்சி திருநெல்வேலிக்குள் வரக்கூடாது.