பேரீச்சம்பழத்துக்குப் போன கட்டாரிகள்

2023 மே மாதம் இலண்டனில் போன்ஹாம்ஸ் நிறுவனம் திப்பு சுல்தானின் வாள் ஒன்றை ஏலம் விட்டது. ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுண்டுக்கு மேல் அது விலைபோயிற்று. நம்மவர்களின் நெஞ்சு பதைத்தது. பதைக்கட்டும், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பெயர்பெற்ற வீரன் ஒருவனின் கைபட்ட வாளுக்காக மட்டும் பதைக்கின்ற நெஞ்சை நாம் ஐயத்தோடுதான் பார்க்கிறோம். யாருடையதென்று தெரியாத ஒரு கட்டாரியின் கைப்பிடி, கழற்றப்பட்ட ஒரு கைக்காப்பு, உறையிலிருந்து பெயர்த்த ஒரு பித்தளை முனை ஆகியவை விலைபோகும்போது இந்த நெஞ்சுகள் எங்கே போய்விடுகின்றன?

ஜப்பானியரின் கதையைச் சற்றே பார்ப்போம். 1876 மார்ச்சில் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. படைவீரர், காவலர் போன்றோருக்கே விலக்கு. சாமுராய்க் குடும்பங்கள் வறுமையில் வாளை விற்றன. வாளில் பூட்டியிருந்த ‘ட்ஸுபா’ என்னும் கைக்காப்புத் தகடு, பிடியின் இருபுறமும் பதிக்கும் ‘மெனுகி’ என்னும் சிற்றணி, பிடியின் அடிவளையமும் முடிக்குமிழும் எல்லாம் தனித்தனியே கழன்று பாரிசுக்கும் இலண்டனுக்கும் பாஸ்டனுக்கும் கப்பலேறின. கானோ நாட்சுவோ போன்ற பெருங்கலைஞர் புதிய நாணயங்களுக்கு அச்சு செதுக்கும் பணிக்குப் போனார். பெரிய சேர்ப்புகள் பின்னாளில் ஏலத்துக்கு வந்தன: ஹயாஷி தாதமசாவின் சேர்ப்பு 1902இல் பாரிசில், பெரென்ஸின் சேர்ப்பு 1913, 1914 ஆண்டுகளில் இலண்டனில். இழப்புதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த ஏலங்களுக்கு விரிவான பட்டியல்கள் அச்சாயின. பெரென்ஸ் சேர்ப்பின் பட்டியலைத் தொகுத்த ஆன்ரி ஜோலி அத்துறையையே கற்றுத் தேர்ந்தவர். அந்தப் பட்டியல்கள் இன்றும் ஆய்வாளரின் மேசையில் இருக்கின்றன. ஹயாஷியும் எல்லாவற்றையும் சந்தைக்கு விடவில்லை. 1894இலேயே தம் ட்ஸுபாக்களில் ஒரு தொகுதியை லூவர் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்துவிட்டார்.

இனி நம் கதைக்கு வருவோம். மருது சகோதரர் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், 1801 டிசம்பர் முதல் நாள், சென்னை அரசு ஆயுதங்களைத் தடை செய்து பிரகடனம் வெளியிட்டது. ஜப்பானியருக்கு எழுபத்தைந்து ஆண்டு முன்பே நமக்கு அந்த விதி வாய்த்தது. பின்னர் 1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். அரசைக் கும்பினி எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலையில் நாயக்கர் காலம் தொட்டுச் சேர்ந்த வாளும் ஈட்டியும் அங்குசமும் கட்டாரியும் குவிந்து கிடந்தன. அவற்றில் தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. எஞ்சியவற்றின் கதியை 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் வால்ஹவுஸ் என்ற சென்னை மாகாண அதிகாரி பதிந்திருக்கிறார்: உடைத்து, பழைய உலோகமாக விற்றார்கள். வாள் ஏலம்கூட அல்ல. எடைக்கு எடை விற்பனை. தெருவில் கூவுகிறானே, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று, அந்தக் கதைதான்.

ஜப்பானிய ட்ஸுபா பலவற்றில் செய்தவன் பெயர் வெட்டப்பட்டிருக்கும். போலிக் கையொப்பங்களும் உண்டு; எனினும் கையொப்ப மரபு ஒன்று இருந்தது, குருபரம்பரை எழுதப்பட்டது. எனவே வாளிலிருந்து பிரிந்து கடல்கடந்து போனாலும் அத்தகடு தன் வரலாற்றைத் தன் முதுகிலேயே சுமந்து போகும். நம் கம்மாளன் பெரும்பாலும் பெயர் வெட்டவில்லை. தஞ்சைக் கட்டாரியின் கைக்கவசத்தில் யாளியையும் இலைக்கொடியையும் எஃகில் குடைந்தவன் யாரென்று அந்தப் பொருள் சொல்லாது. அது இருந்த இடமும், அதனோடு கிடந்த மற்றப் பொருள்களும், அதை வைத்திருந்தவர் வாய்ச்சொல்லும்தான் அதற்குச் சாட்சி. சாட்சிகளைக் கலைத்துவிட்டால் ‘தென்னிந்தியா’ என்ற ஒரு பொதுப்பெயரே மிஞ்சும். அதனால்தான் சொல்கிறோம்: ஜப்பானியச் சேர்ப்பு ஒன்று சிதறினால் ஒரு நூலகம் கலைகிறது; நம் சேர்ப்பு ஒன்று சிதறினால் ஏடுகளிலிருந்து எழுத்தே உதிர்ந்துவிடுகிறது.

“இங்கே கிடந்திருந்தால் துருப்பிடித்துப் போயிருக்கும், வாங்கிப்போன வெள்ளைக்காரன் காப்பாற்றினான்” என்று வாதிடுவோர் உண்டு. ஒரு பங்கு உண்மைதான். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தஞ்சைக் கட்டாரிகள் பத்திரமாக இருக்கின்றன. ஜார்ஜ் கேமரான் ஸ்டோன் என்ற சேகரிப்பாளர் 1935இல் விட்டுச்சென்ற கொடையில் வந்தவையும் அவற்றுள் உண்டு. ஆனால் அவை காப்பாற்றப்பட்டது ஏலத்தாலா? ஒருவர் சேர்த்தார், சேர்த்ததைச் சிதறாமல் ஒரு பொது நிறுவனத்திடம் ஒப்படைத்தார். காப்பாற்றியது அந்தச் செயல். சந்தைக்கு அந்தப் புண்ணியத்தில் பங்கில்லை.

“என் வீட்டுப் பொருளை நான் விற்கிறேன், உங்களுக்கென்ன?” என்பது இன்னொரு வாதம். விற்பதை நாம் பாவம் என்று சொல்லவில்லை. எப்படி விற்பது என்பதற்கு நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட், கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். வாளுக்கும் கட்டாரிக்கும் மூதாதை அந்தக் கைக்கோடரிகள். நாற்பது ஆண்டு உழைத்துத் தென்னாடெங்கும் திரட்டிய சேர்ப்பை அவர் இலவசமாகக் கொடுக்கவில்லை, விலைக்குத்தான் கொடுத்தார். 1904இல் சென்னை அரசு அதனை முழுமையாக வாங்கிற்று. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்போடு அவருடைய பட்டியல் பிற்பாடு நூலாகவும் வந்தது. ஃபூட் அவற்றை இலண்டனில் கல் ஒன்றுக்கு இத்தனை ஷில்லிங் என்று கூவி விற்றிருந்தால், அத்திரம்பாக்கம் என்ற பெயர் அந்தக் கற்களோடு போயிருக்குமா?

கடம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை இன்று தொழிற்பேட்டைகள். கும்மிடிப்பூண்டி உலைகளுக்குப் பழைய இரும்பு லாரி லாரியாக வருகிறது. உலைக்கு நூற்றாண்டு தெரியாது. வீட்டுப் பரணில் ஆயுதபூசைக்கு மட்டும் இறங்குகிற துருவேறிய வாளைக் காயலான் கடைக்குப் போடுகிறவருக்கும் தெரியாது என்றால், தெரிவிக்க வேண்டியவர் யார்? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் நாடுகடத்துவதைத் தடுக்கிறது. உள்ளூர் உலைக்குப் போவதை அது எங்கே தடுத்தது?

மராட்டிய அரசு 2025 ஏப்ரலில், இலண்டன் ஏலத்துக்கு வந்த ரகுஜி போன்ஸ்லேயின் வாளை ஏறத்தாழ நாற்பத்தேழு இலட்ச ரூபாய்க்கு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தது. பாராட்டுவோம். எனினும் ஏலக்கூடத்தில் போட்டிக்கு நிற்பது கடைசி வழி. முதல் வழி இங்கேயே இருக்கிறது. சேர்ப்பு வைத்திருப்பவர் விற்குமுன் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, எங்கே யாரிடம் பெற்றது என்று எழுதி வைக்கட்டும். பிடியையும் அலகையும் உறையையும் பிரித்து விற்காதிருக்கட்டும். முதலில் அருங்காட்சியகத்தின் கதவைத் தட்டட்டும். அருங்காட்சியகமும் தேசபக்தியைச் சொல்லி ஓசியில் கேட்காமல், ஃபூட்டுக்குக் கொடுத்தது போல நியாயமான விலை கொடுக்கட்டும். எழும்பூரில் இருக்கும் தஞ்சை ஆயுதங்கள் ஒவ்வொன்றையும் எவரும் வீட்டிலிருந்தே படத்தோடும் குறிப்போடும் பார்க்கும்படி அரசு செய்யட்டும்.

இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஒரு திப்புவின் வாளுக்கு நாம் விட்ட பெருமூச்சில் பத்தில் ஒரு பங்கு அக்கறை போதும்.