வீட்டிலேயே எலுமிச்சைக் குச்சி ஐஸ்!

பகல் 2 மணி. அக்கினி நட்சத்திர வெயில். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. காக்கைகூட வாயைப் பிளந்துகொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த நேரத்தில், "டிங்... டிங்..." என்று மணிச் சத்தம் கேட்கிறது.

படுத்திருந்த பையன் துள்ளி எழுகிறான். "அம்மா! ஐஸ் வாங்கிக் கொடு!" என்கிறான்.

"வேண்டாம். எந்தத் தண்ணீரில் செய்தானோ! காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது?" என்கிறாள் அம்மா.

பையன் அழுகிறான். தங்கையும் கூடச் சேர்ந்துகொள்கிறாள். இரண்டு பேர் அழுவதைப் பாட்டியால் தாங்க முடியவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். 10 ரூபாய் வெளியே வருகிறது. பையன் வாசலுக்கு ஓடிவிட்டான். அம்மாவின் கோபம் இப்போது பாட்டியின் மேல் திரும்புகிறது.

கோடையில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடக்கும் நாடகம் இது. பையன் கேட்பதில் தவறு இல்லை. அம்மா பயப்படுவதிலும் தவறு இல்லை. இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு வழி இருக்கிறது. நாலு எலுமிச்சம்பழம், கொஞ்சம் சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர். இவ்வளவு இருந்தால் போதும். ஐஸை வீட்டிலேயே செய்துவிடலாம்.

செய்முறைக்குப் போகுமுன், அம்மாவின் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்.

கிருமி சாவதில்லை

"ஐஸ் ஆன பிறகு கிருமி எப்படி இருக்கும்? குளிரில் செத்திருக்குமே!" என்று படித்தவர்கள்கூடச் சொல்வது உண்டு. இது தவறு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உறையவைத்தால் எல்லாக் கிருமிகளும் சாவதில்லை. பல கிருமிகள் ஐஸுக்குள் தூங்கும். வயிற்றுக்குள் போய்ச் சூடு பட்டதும் விழித்துக்கொள்ளும். டைபாய்டு, மஞ்சள் காமாலை, சீதபேதி, காலரா எல்லாம் அசுத்தமான தண்ணீரால் வரும் வியாதிகள். ஐஸும் தண்ணீர்தானே! தண்ணீர் எப்படியோ, ஐஸும் அப்படியே.

இன்னொரு விஷயம். ஐஸில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, சாப்பிடுவதற்காகச் செய்வது. மற்றொன்று, மீனைக் கெடாமல் வைக்கவும் வேறு வேலைகளுக்கும் செய்வது. இரண்டாவது ரகத்தைக் குடிநீரில்தான் செய்யவேண்டும் என்பது இல்லை. விலையும் குறைவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தால், எது எங்கே போகிறது என்று யார் கண்டுபிடிப்பது?

இதற்காகத்தான், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ம் ஆண்டில் ஓர் ஏற்பாடு செய்தது. சாப்பிடக்கூடாத ஐஸில் நீல நிறம் கலக்கவேண்டும் என்று சொல்லியது. நீலமாக இருந்தால் சர்பத்திலோ, கரும்புச்சாற்றிலோ போடக்கூடாது. நல்ல ஏற்பாடு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால், இந்த நீல ஐஸை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு, சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் மிட்டாயில் இருந்ததுதான் காரணம். ஐஸிலும் கண்ணைப் பறிக்கும் நிறம் இருந்தால் சற்று யோசிக்கவேண்டும். எலுமிச்சைச் சாறு பளிச்சென்ற பச்சையாக இருக்காது. ஆரஞ்சுச் சாறு குங்குமம்போல் சிவக்காது.

இப்படிச் சொல்வதால், ஐஸ்காரரைத் திட்டவேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். வேகாத வெயிலில் வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர் அவர். சரக்கை அவர் செய்வது இல்லை. விடியற்காலையில் போய் வாங்கி வருகிறார். சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் கரைந்து போகும். நஷ்டம் அவருக்குத்தான். அவருடைய பெட்டியை நடுத்தெருவில் கவிழ்ப்பதால் ஊருக்கு ஒரு நன்மையும் இல்லை. சோதனை நடக்கவேண்டிய இடம் ஐஸ் செய்யும் இடம். அங்கே எந்தத் தண்ணீர் வருகிறது, தொட்டி கழுவப்படுகிறதா, நீல நிறம் கலக்கப்படுகிறதா என்று அதிகாரிகள் பார்க்கவேண்டும். அதுவும் மே மாதம் முடிந்த பிறகு அல்ல. மார்ச் மாதமே பார்க்கவேண்டும். நல்ல ஐஸ் கிடைத்தால் அதை விற்க ஐஸ்காரர் மறுக்கவா போகிறார்?

சரி, அடுப்படிக்கு வாருங்கள்.

மூன்றரை, ஒன்று, அரை

இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் மூன்றரை தம்ளர். சர்க்கரை ஒரு தம்ளர். எலுமிச்சைச் சாறு அரை தம்ளர். தம்ளர் பெரியதோ, சிறியதோ கவலை இல்லை. மூன்றுக்கும் ஒரே தம்ளராக இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

100 மில்லி பிடிக்கும் சின்னத் தம்ளரை எடுத்துக்கொண்டால், 350 மில்லி தண்ணீரும், சுமார் 85 கிராம் சர்க்கரையும், 50 மில்லி சாறும் வரும். இதற்கு 3 அல்லது 4 பழம் தேவை. 8 ஐஸ் கிடைக்கும்.

முதலில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்கவைப்பது நல்லது. இறக்கியதும் சர்க்கரையைப் போட்டுக் கரையுங்கள். ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். உப்புப் போட்டால் புளிப்பும் இனிப்பும் எடுப்பாக இருக்கும். மூடிவைத்து நன்றாக ஆறவிடுங்கள்.

ஆறிய பிறகுதான் பழத்தைப் பிழியவேண்டும். இதை மறக்காதீர்கள். சூட்டில் பிழிந்தால் எலுமிச்சையின் வாசனை போய்விடும். வைட்டமின் 'சி' சத்தும் குறையும். பிழியும்போது விதை விழாமல் வடிகட்டுங்கள். தோலைப் போட்டு நசுக்கவேண்டாம். தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். கலக்குவது எவர்சில்வர் பாத்திரமாகவோ கண்ணாடிப் பாத்திரமாகவோ இருக்கட்டும். அலுமினியம், பித்தளை, செம்பு கூடாது. புளிப்பு அவற்றை அரித்துவிடும்.

இப்போது ஒரு வாய் ருசி பாருங்கள். "ஐயோ, இனிப்பு கொஞ்சம் அதிகம்" என்று தோன்றும். அதுதான் சரியான பதம்! நாக்கு குளிர்ந்துவிட்டால் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். சாதாரண ஜூஸ் பதத்தில் உறையவைத்தால் சப்பென்று இருக்கும்.

சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெறும் தண்ணீர் 0 டிகிரியில் உறைந்து கல்லாகிவிடும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது. ஐஸ் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் பாகு உறையாமல் தங்கி நிற்கும். அதனால்தான் குச்சி ஐஸைப் பல்லால் கடிக்க முடிகிறது. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் கடிக்க முடியாத கல். இரண்டு மடங்கு போட்டாலோ குச்சி நிற்காத கூழ்!

அச்சு வாங்க அலையவேண்டாம். காபி குடிக்கும் சின்ன எவர்சில்வர் தம்ளரே அச்சு. கண்ணாடித் தம்ளர் வேண்டாம், உறையும்போது தண்ணீர் பருக்கும், கண்ணாடி விரிந்துவிடும். எவர்சில்வர் தம்ளரிலும் விளிம்பிலிருந்து ஒரு விரல் கீழே நிற்கும்படி ஊற்றுங்கள்.

குச்சி? சிலர் துடைப்பக் குச்சியைச் சொருகுகிறார்கள். அது மட்டும் வேண்டாம். கடையில் ஐஸ் குச்சி கிடைக்கிறது. இல்லாவிட்டால் டீஸ்பூனைத் தலைகீழாகச் சொருகுங்கள். கைப்பிடி வெளியே இருக்கட்டும். ஊற்றிய உடனே சொருகினால் சாய்ந்துவிடும். பிரீசரில் வைத்து ஒன்றரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். மேலே ஏடுபோல் கட்டியிருக்கும். அப்போது சொருகினால் போலீஸ்காரர்போல் நேராக நிற்கும்!

பிறகு 5, 6 மணி நேரம் ஆகும். ராத்திரியே வைத்துவிட்டால் மறுநாள் மதியத்துக்குத் தயார். எடுக்கும்போது பிடித்து இழுக்காதீர்கள். சாதாரணத் தண்ணீரில் தம்ளரைக் கொஞ்ச நேரம் அமிழ்த்துங்கள். தானாக நழுவிவிடும்.

குச்சி ஐஸ் பிறந்த கதையே இப்படித்தான். 1905-ல் அமெரிக்காவில் பிராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுச் சிறுவன், சோடாப் பொடி கரைத்த தம்ளரைக் கலக்கிய குச்சியோடு வீட்டுக்கு வெளியே மறந்து வைத்துவிட்டானாம். ராத்திரிக் குளிரில் அது உறைந்துவிட்டதாம். பெரியவனான பிறகு, 1924-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். நம் ஊரில் ராத்திரியில் வெளியே வைத்தால் எறும்புதான் மொய்க்கும்!

பிரிட்ஜ் இல்லாத வீட்டில்

"எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லையே" என்று சில தாய்மார்கள் நினைக்கலாம். அவர்களுக்கும் வழி உண்டு. 3 கிலோ ஐஸ் வாங்குங்கள். சாக்கில் சுற்றி உடையுங்கள். ஒரு வாளியில் ஐஸ் ஒரு வரிசை, கல் உப்பு ஒரு வரிசை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். 3 கிலோ ஐஸுக்கு 1 கிலோ உப்பு. இதன் நடுவே, மூடியுள்ள சின்னத் தூக்கில் எலுமிச்சைச் சாற்றுக் கலவையை ஊற்றி இறுக மூடிப் புதையுங்கள். வாளிமேல் கனமான சாக்கைப் போடுங்கள்.

உப்புப் பட்டதும் ஐஸ் உருகும். உருகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். அதனால் வாளிக்குள் ஐஸைவிட அதிகக் குளிர் உண்டாகும். மிகவும் கெட்டியாக உப்புக் கரைந்தால், பூச்சியத்துக்குக் கீழே 21 டிகிரி வரைகூடப் போகும். வெளியே 40 டிகிரி வெயில், வாளிக்குள் பனிமலை! ஒன்றரை மணி நேரத்தில் கலவை இறுகும். குச்சி நிற்கும் அளவுக்கு உறையாவிட்டாலும், கரண்டியால் சுரண்டிச் சாப்பிடலாம்.

ஆனால் ஜாக்கிரதை. அந்த உப்பு ஐஸைக் குழந்தைகள் கையால் அளையக்கூடாது. அந்தக் குளிர், தீப் பட்டதுபோல் தோலைப் புண்ணாக்கிவிடும். அந்த ஐஸ் ஒரு துண்டுகூடத் தூக்குக்குள் விழக்கூடாது. வேலை முடிந்ததும் உப்புத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றாதீர்கள். மரம் பட்டுப்போகும்.

ஒரு காலத்தில் சென்னையில் ஐஸ் என்பது கப்பலில் வந்த சரக்கு. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரியை அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றினார்கள். பல மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு அது இங்கே வந்தது. அதைச் சேர்த்துவைக்க 1842-ல் கட்டிய கட்டிடம்தான் திருவல்லிக்கேணி கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம். அன்று ஒரு துண்டு ஐஸ் பணக்காரர் வீட்டு விருந்துப் பொருள். இன்று குடிசை வீட்டு வாளியிலும் உறைகிறது.

சாத்துக்குடி, ஆரஞ்சு, நன்னாரி

எலுமிச்சை விலை கோடையில் எகிறிவிடும். அப்போது ஆரஞ்சு, சாத்துக்குடி வாங்கலாம். இவற்றுக்கு அளவு வேறு. சாறு அதிகம், தண்ணீர் கொஞ்சம். 3 தம்ளர் சாற்றுக்கு 1 தம்ளர் தண்ணீர், அரை தம்ளர் சர்க்கரை. புளிப்புக்கு ஒரு மூடி எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

சாத்துக்குடியில் ஒரு சூட்சுமம் உண்டு. பிழிந்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கசக்கும். விதையோடு மிக்சியில் அடித்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே கையால் பிழிந்து, வடிகட்டி, தாமதம் இல்லாமல் பிரீசரில் வைத்துவிடுங்கள்.

நன்னாரி சர்பத் வீட்டில் இருக்கிறதா? சர்க்கரைக்குப் பதிலாக அதையே கலந்து, எலுமிச்சை பிழிந்து உறையவையுங்கள். கடையில் எந்த ஐஸும் இதற்கு ஈடாகாது என்பது எமது கட்சி. புதினா இலை இரண்டு கிள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. இஞ்சிச் சாறு ஒரு சொட்டு விட்டால் பெரியவர்களுக்குப் பிடிக்கும்; குழந்தைகள் துப்பிவிடுவார்கள்.

வீட்டு ஐஸ் சுத்தமானது என்பதற்காக எண்ணிக்கை இல்லாமல் கொடுத்துவிடக்கூடாது. ஓர் ஐஸில் சுமார் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது இரண்டரை டீஸ்பூன். நாளைக்கு ஒன்று போதும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். புளிப்பும் இனிப்பும் பல்லுக்குப் பகை. நீரிழிவு உள்ளவர்கள் ஆசைப்பட்டால், டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

"ஐஸ் தின்றால் சளி பிடிக்குமே" என்கிறீர்களா? சளியைக் கொண்டுவருவது ஐஸ் அல்ல, வைரஸ் கிருமி. ஆனால் ஆஸ்துமா உள்ள சில குழந்தைகளுக்குக் குளிர்ச்சி பட்டால் இருமல் வரும். அப்படிப்பட்ட குழந்தையைத் தாய்க்கே தெரியும்.

மற்றொன்று முக்கியம். வெயிலில் விளையாடி மயங்கி விழுந்த குழந்தையின் வாயில் ஐஸைத் திணிக்காதீர்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, விசிறியபடி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். வாந்தியும் பேதியும் இருந்தால் கொடுக்கவேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல். ஐஸ் அதற்கு மாற்று அல்ல.

மின்சாரம் போய் ஐஸ் கரைந்துவிட்டால், மறுபடி உறையவைத்து நாள்கணக்கில் வைத்திருக்கவேண்டாம். கரைந்ததைச் சில்லென்று சர்பத்தாகக் குடித்துவிடுங்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் அவர்களுக்கும் ஒரு தம்ளர் கொடுக்கலாம். வண்டி தள்ளி வரும் ஐஸ்காரருக்குக் கொடுத்துப் பாருங்கள். அவர் சிரித்துவிட்டு வாங்கிக் குடிப்பார்.

பாட்டிக்குப் பல் இல்லை என்றால் குச்சி சொருகவேண்டாம். தம்ளரோடு எடுத்து 5 நிமிடம் வெளியே வைத்து, ஸ்பூனால் சுரண்டிக் கொடுங்கள்.