கால் வெச்சா கீழே போகுது... பிரேக்கா, லிஃப்ட்டா?

இந்த வாரம் வந்த மெயில்கள்ல ஒரே ஒரு கேள்வியை மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டேன். ரெண்டு வரியில பதில் சொல்லி எஸ்கேப் ஆகிற சமாச்சாரம் இல்லை இது.

எழுதியிருப்பவர், சேலத்தில் செகண்ட் இயர் மெக்கானிக்கல் படிக்கும் நண்பர். வீட்டுல ஒரு பழைய ஆல்ட்டோ. லீவு நாள்ல அவரும் கிளாஸ்மேட்டும் சேர்ந்து முன்பக்க டிஸ்க் பேடு, பின்பக்க டிரம் ஷூ எல்லாத்தையும் வாசல்லயே வெச்சு மாத்தியிருக்காங்க. ஏரும் எடுத்தாச்சு. இப்போ பெடலை மிதிச்சா முதல்ல கெட்டியா நிக்குது. காலை அப்படியே வெச்சிருந்தா, மெள்ள மெள்ள இறங்கி தரையைத் தொட்டுடுது. மூணு தடவை திரும்பத் திரும்ப ஏர் எடுத்தும் அதே கதை. ஞாயித்துக்கிழமை நாலு பேரோட ஏற்காடு பிளான். திங்கட்கிழமை அப்பா அதே வண்டியில வேலைக்குப் போவார். மெயிலோட கடைசி வரி: 'அப்பாகிட்ட இன்னும் சொல்லலை.'

பாஸ், அந்தக் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். இப்பவே போய்ச் சொல்லிடுங்க. திட்டு விழும், விழட்டும். சாவியை எடுத்து உள்ளே வெச்சுட்டு, ஸ்டீயரிங்ல ஒரு பேப்பரை ஒட்டுங்க: 'பிரேக் வேலை நடக்குது, எடுக்காதீங்க.' இறங்குற பெடலோட ஒரு கார் வாசல்ல நிக்கிறது பிரச்னையே இல்லை. அது தெரியாத ஒருத்தர் அதை எடுத்துட்டுப் போறதுதான் பிரச்னை.

சொல்லிட்டீங்களா? வாங்க, பானட்டைத் திறப்போம்!

பாஸ்கல் தாத்தா கணக்கு

ஸ்கூல்ல மார்க்குக்காகப் படிச்ச பாஸ்கல் விதிதான் பிரேக்கோட உயிர். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பெடலோட நெம்புகோல் விகிதம் 4. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைவிட காலிப்பர் பிஸ்டனுக்குப் பரப்பளவு 5 மடங்கு. நீங்க 20 கிலோ கொடுத்தா, மாஸ்டர் சிலிண்டர்ல அது 80 கிலோ. காலிப்பர்ல 400 கிலோ. அடேங்கப்பா!

ஆனா, இயற்கை எதையும் ஓசியில தராது. விசை 20 மடங்கு ஏறினா, தூரம் 20 மடங்கு குறையும். அதாவது, ஒரே ஒரு வீல்ல பேடு 1 மில்லிமீட்டர் கூடுதலா நகரணும்னா, பெடல் 20 மில்லிமீட்டர் கூடுதலா இறங்கணும். பெடலுக்கு இருக்கிற மொத்த இடமே ஒரு சாணுக்கும் குறைவு. அதனாலதான் துளியூண்டு கேப், துளியூண்டு காத்து, துளியூண்டு கசிவு... எதுவா இருந்தாலும் கால் உடனே கண்டுபிடிச்சுடும்.

பெடல் பேசும் பாஷை

'பெடல் கீழே போகுது'ன்னு பொத்தாம்பொதுவா சொன்னா எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. எப்படிக் கீழே போகுது? அதுல இருக்கு சூட்சுமம்.

பஞ்சு மாதிரி அமுங்குதா? லைன்ல காத்து இருக்கு. திரவத்தை அமுக்க முடியாது, காத்தை அமுக்கலாம். உங்க மிதியெல்லாம் அந்தக் குமிழை நசுக்கவே செலவாகுது. இதுக்கு மட்டும்தான் ஏர் எடுக்கிறது மருந்து. எத்தனை தடவை எடுத்தாலும் போகலையா? காலிப்பர் இடது வலது மாறியிருக்கான்னு பாருங்க. ஏர் எடுக்கிற நிப்பிள் எப்பவும் மேல்பக்கம் இருக்கணும். மாறிப் போச்சுன்னா நிப்பிள் கீழே வந்துடும். காத்து மேலேயே உட்கார்ந்துக்கும்.

முதல் மிதி ஆழமா போய், ரெண்டாவது மிதி மேலேயே நிக்குதா? கேப் அதிகம். பெரும்பாலும் பின்பக்க ஷூ, டிரம்மை விட்டு ரொம்பத் தள்ளி நிக்குது. அட்ஜஸ்டரைச் சரிபண்ணினா போதும். பேடு மாத்தினதும் வர்ற முதல் மிதியும் இப்படித்தான் இருக்கும். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீங்க இல்லையா, அது திரும்ப வர்ற வரைக்கும் நாலைஞ்சு தடவை மெதுவா மிதிக்கணும். வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி!

இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் கொஞ்சம் இறங்கி நின்னுடுதா? பயமே வேண்டாம். பூஸ்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

கெட்டியா நின்னு, பிறகு மெள்ள இறங்குதா? நம்ம சேலம் நண்பரோட கேஸ் இதுதான். பிரஷர் உருவாகுது, ஆனா நிக்க மாட்டேங்குது. எங்கேயோ ஓட்டை. இங்கே ஏர் எடுக்கிறதுல பிரயோஜனமே இல்லை. காய்ச்சலுக்குக் கால்ல கட்டு போடுற மாதிரி!

ஒரு நிமிஷ டெஸ்ட்

இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. அஞ்சாறு தடவை மிதிச்சு பூஸ்டர்ல இருக்கிற வேக்குவத்தைக் காலி பண்ணுங்க. பிரேக் ஆயில் டப்பாவுல இப்போ லெவல் எங்கே இருக்குன்னு பேனாவால ஒரு கோடு போடுங்க. அப்புறம் பெடலை மிதமா அழுத்தி ஒரு நிமிஷம் பிடிங்க. லேசான அழுத்தத்துல ஒரு தடவை, பலமா ஒரு தடவை. இப்படிச் சில தடவை பண்ணிட்டு, காலை எடுத்துட்டு, கோட்டைப் பாருங்க.

லெவல் குறைஞ்சிருந்தா ஆயில் வெளியே போகுது. டார்ச் அடிச்சுத் தேடுங்க: டைட் பண்ணாத நிப்பிள், காலிப்பர் ஹோஸ் போல்ட்டுல பழையதையே திரும்பப் போட்ட காப்பர் வாஷர், டிரம்முக்குள்ளே வீல் சிலிண்டர். வீல் சிலிண்டரோட ரப்பர் மூடியை மெதுவா விலக்கிப் பார்த்தா உள்ளே ஈரம் தெரியும். எங்கேயும் தெரியலையா? மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோட சேர்ற இடத்தைப் பாருங்க. பின் சீல் போயிருந்தா ஆயில் சத்தமில்லாம பூஸ்டருக்குள்ளே இறங்கும். தரையில ஒரு சொட்டுகூட விழாது.

லெவல் கோட்டுலயே இருக்கு, ஆனா பெடல் இறங்குது... இப்படின்னா குற்றவாளி மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே! அங்கே பிஸ்டனைச் சுத்தி ரப்பர் கப் இருக்கு. அதோட உதடு தேஞ்சாலோ கிழிஞ்சாலோ, முன்னாடி போக வேண்டிய ஆயில் கப்பைத் தாண்டிப் பின்னாடி வந்து டப்பாவுக்கே திரும்பிடும். அதனாலதான் லெவல் குறையறதில்லை, ஏரும் இல்லை, கசிவும் இல்லை. ஆனா பிரேக்கும் இல்லை!

நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?

எல்லாரும் கேட்கிற கேள்வி. நியாயமானதும்கூட. பேடு மாத்தினதுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம், ஏர் எடுக்கிற ஸ்டைல்ல இருக்கு. தினசரி ஓட்டும்போது பெடல் பாதி தூரத்துக்கு மேல போறதே அபூர்வம். சிலிண்டரோட அந்த முன்பாதி மட்டும் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். பிஸ்டன் வருஷக்கணக்கா போகாத மீதிப் பாதியில துருவும் கசடும் சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கும்போது ஒருத்தர் 'மிதி, மிதி!'ன்னு கத்த, இன்னொருத்தர் தரை வரைக்கும் மிதிப்பார். அப்போ அந்த வயசான ரப்பர் கப், துரு மேல உரசிக் கிழியும். இதுக்கு எளிமையான வைத்தியம் உண்டு. ஏர் எடுக்கிறதுக்கு முன்னாடி பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டையை வெச்சுட்டா, பெடல் கடைசி வரைக்கும் போகாது.

வீல் சிலிண்டர்லயும் இதே கதை உண்டு. தேஞ்ச ஷூவுக்குப் பதிலா தடிமனான புது ஷூ போடும்போது, பிஸ்டன் ரொம்ப நாளா போகாத துருப்பிடிச்ச இடத்துக்குத் திரும்பப் போகுது. ரெண்டாவது நாள் கசிவு ஆரம்பம்.

இன்னொரு வில்லன், டப்பாவுல ஊத்துற ஆயில். பேர்தான் பிரேக் 'ஆயில்'. டாட் 3, டாட் 4 எல்லாமே கிளைகால் ரக திரவம். அதுல இன்ஜின் ஆயிலோ, பவர் ஸ்டீயரிங் ஆயிலோ கலந்துட்டா, ரப்பர் பாகங்கள் அத்தனையும் பூரி மாதிரி உப்பிடும். கப்பைப் பெட்ரோல்ல கழுவுறதும் அதே தப்புதான். சுத்தமான பிரேக் ஆயில்லயே கழுவணும்.

சரி, என்ன செய்யலாம்?

கசிவு வெளியேன்னா அந்தப் பாகத்தை மாத்துங்க. காப்பர் வாஷர் எப்பவும் புதுசு. வீல் சிலிண்டர் மாத்தினா, ஆயில் பட்ட ஷூவையும் மாத்தணும். துடைச்சுப் போட்டா பத்தாது.

மாஸ்டர் சிலிண்டர்தான் காரணம்னா, ரப்பர் கிட் மட்டும் மாத்தலாமா, முழு செட் மாத்தலாமா? உள்சுவர்ல விரலை ஓட்டிப் பாருங்க. கீறலோ குழியோ தட்டுப்பட்டா கிட் வேஸ்ட். புது கப்பும் சீக்கிரமே கிழியும். முழு செட் போட்டுடுங்க. புதுசை வண்டியில மாட்டுறதுக்கு முன்னாடி வைஸ்ல பிடிச்சு, அதுக்குள்ளே இருக்கிற காத்தை முதல்ல எடுத்துடணும்.

இந்த வேலையை ஏற்கெனவே பண்ணின ஒருத்தர் பக்கத்துல இல்லைன்னா ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்க, தப்பே இல்லை. ஆனா, வண்டியை ஓட்டிட்டுப் போகாதீங்க. மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்க, இல்லைன்னா வண்டியைத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. 'பிரேக் சரியில்லை'ன்னு மட்டும் சொல்லாம, என்னென்ன மாத்தினீங்க, பெடல் எப்படி இறங்குது, லெவல் குறைஞ்சுதா இல்லையான்னு மூணு வரி சொல்லுங்க. பாதி வேலை முடிஞ்சுடும். ஏ.பி.எஸ். உள்ள வண்டின்னா, அந்த யூனிட்டுக்குள்ளே காத்து மாட்டினா சில மாடல்கள்ல ஸ்கேனர் இல்லாம எடுக்க முடியாது. அதுல வீட்டுப் பரிசோதனை வேண்டாம்.

அப்போ ஏற்காடு?

'மெதுவா போயிட்டு வந்துடுறோம், மறுபடி மறுபடி மிதிச்சா நிக்குதே'ன்னு ஒரு குரல் கேட்குது. சேலம் - ஏற்காடு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பிரேக்குக்குப் பெரிசா வேலை இல்லை. இறங்கும்போதுதான் பரீட்சையே. தொடர்ந்து பிரேக் பிடிக்கப் பிடிக்க டிஸ்க் சூடாகும், அந்தச் சூடு திரவத்துக்கு ஏறும். புது டாட் 3 திரவம் 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கிறது விதி. ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். 3.7 சதவிகிதம் தண்ணி சேர்ந்துட்டா, அதுக்கான அளவு 140 டிகிரிதான். டாட் 4 திரவத்துக்கு இதே அளவுகள் 230, 155. திரவம் கொதிச்சா குமிழ், குமிழ் வந்தா பஞ்சு பெடல். கப்பும் கிழிஞ்சு, திரவமும் கொதிச்சா? ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அதை நம்பி நாலு பேரை ஏத்தாதீங்க. பஸ்ஸுல போங்க பாஸ், ஜன்னலோர சீட் சூப்பரா இருக்கும்!

கிழிச்சு ஒட்டி வைக்க...

* ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. ஸ்டாண்டு அவசியம்.

* ஏர் எடுக்கும்போது டப்பா ஒரு தடவைகூடக் காலியாகக் கூடாது. ஆனா, பழைய ஆயிலைத் திரும்ப ஊத்தாதீங்க. ரொம்ப நாள் முன்னாடி திறந்த பாட்டிலும் வேண்டாம்.

* எந்த வீல்ல ஆரம்பிக்கணும்கிறது வண்டிக்கு வண்டி மாறும். மேனுவலைப் பாருங்க.

* பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னுடும். சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

* ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் சிவப்பு பிரேக் லைட் எரிஞ்சா, ஆயில் லெவலைப் பாருங்க.

* வேலை முடிஞ்சதும் இன்ஜின் ஓடும்போது ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. பெடல் அசையாம நின்னாத்தான் வண்டி நகரணும். அதுவும் முதல்ல சமதரையில, நடக்கிற வேகத்துல.

அடுத்த வாரம்: ஸ்டீயரிங்கை விட்டா வண்டி ஒரே பக்கமா இழுக்குதா? காரணம் டயரா, அலைன்மென்ட்டா? மெயில் அனுப்புங்க, பேசுவோம்!