கோபுரம் யாருடையது?

சர்க்கார் காகிதம் ஒன்று வீட்டுக்கு வந்தால், செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு என்றுதான் முதலில் பார்க்கிறோம். அதன் தலையில் அச்சாகியிருக்கும் கோபுரத்தை ஏறிட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்? தமிழ்நாட்டு ராஜ்ய முத்திரையிலே அசோகச் சிங்கங்களுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சங்கதி.

ஆயினும் இதில் ஒரு வழக்கு உண்டு. முத்திரையை வரைந்தவர் மதுரையைச் சேர்ந்த சித்திரக்காரர் கிருஷ்ணராவ். சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டான 1948-இல் அப்பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தாம் மாதிரியாகக் கொண்டது மீனாட்சி கோயிலின் மேலைக் கோபுரமே என்று அவர் பிற்காலத்தில் சொன்னதாகக் கூறுவர். வரைந்தவர் வாக்கு ஒரு பக்கம். நெடுநாளைய நம்பிக்கை மற்றொரு பக்கம். தீர்ப்புச் சொல்ல நாம் துணியோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நின்றுகொண்டு இந்தச் சந்தேகத்தை உரக்கக் கேட்க வேண்டாம் என்று மட்டும் நேயர்களுக்குச் சொல்லி வைக்கிறோம்.

வடபத்ரசாயி சந்நிதியின் அந்தக் கோபுரம் பதினொரு நிலைகள் கொண்டது. உயரம் 192 அடி. பாண்டியன் சபையில் வாதில் வென்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் கட்டுவித்தார் என்பது ஐதிகம். முத்திரையில் இருப்பது மதுரைக் கோபுரம் என்றே நாளை முடிவானாலும், இதில் ஒரு நிலையும் குறைந்துவிடாது. ஊர்க்காரர் மனம் குறைபடும் என்பதும் மெய்தான்.

வெளியூர்களுக்கு வழங்கியே பழகிய ஊர் இது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் கள்ளழகருக்கும், புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருப்பதிக்கும் போகிறது. அவள் கதையைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்னும் காவியமாக்கினார். மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு அன்றாடம் புதிதாகச் செய்யப்படும் கிளி, அவள் கரத்தில் ஒரு நாள் இருந்துவிட்டுப் பக்தர் ஒருவர் வீட்டுக்குப் போகிறது. பால்கோவாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஊரைத்தான் ஜில்லாக்கள் கைமாற்றிக்கொண்டிருக்கின்றன: 1910-இல் திருநெல்வேலியிலிருந்து ராமநாதபுரத்துக்கு, 1985-இல் அதைப் பிரித்தபோது இன்றைய விருதுநகர் ஜில்லாவுக்கு.

ஊரை விட்டு எங்கும் போகாத சொத்து ஒன்றும் இங்கே உண்டு. அது பென்னிங்டன் புத்தகசாலை. கலெக்டராயிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பெயரால் 1875-இல் தோன்றியது. காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கே அப்போது இன்னும் பத்து வருஷம் இருந்தது! துரைத்தனம் போன பின்பும் துரையின் பெயர் ஏன் என்று தேசாபிமானமுள்ள நேயர் சிலர் வினவக்கூடும். நமக்கு அதில் ஆட்சேபமில்லை. பெயர் எவருடையதானாலும் அங்கே உட்கார்ந்து படித்துத் தேறியவர்கள் நம்மவர்களே.

நமக்குள்ள குறை வேறு. கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, அது முத்திரைக் கோபுரம்தானா என்று தர்க்கமும் செய்துவிட்டு, யாத்ரீகர்கள் பால்கோவாப் பொட்டலத்துடன் பஸ் ஏறிவிடுகிறார்கள். புத்தகசாலை எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்பவரைக் காணோம்.